வலது கையில் மாவுக்கட்டு, ஆறு வாரம் ஓய்வு: பதிமூன்று வயதுப் பையனுக்கு எந்த காமிக்ஸ் தொடர் கொடுக்கலாம்?

காசிமேடு மாமா

எல்லோருக்கும் வணக்கம். மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போகிறவன் நான், முதல் தடவையாக ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகனுக்குப் பதிமூன்று வயது, எட்டாவது படிக்கிறான், தமிழ் மீடியம். என் அப்பா சார்பட்டா பரம்பரை என்று சொன்னாலே சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிற ஆள், இடியப்ப நாயக்கர் பரம்பரைக்காரர் யாராவது டீக்கடையில் மாட்டிவிட்டால் அன்றைக்கு வீடு திரும்ப நேரமாகும். அந்தப் பித்து என்னைத் தொடாமல் நேராகப் பேரனிடம் போய்விட்டது. இரண்டு வருடமாக ராயபுரத்தில் பாக்ஸிங் பழகுகிறான், மழை நாளில்கூட விட்டதில்லை. அக்கா துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கிறாள். மச்சான் லாஞ்சில் போகிறவர், போனால் வாரம் பத்து நாள் கடல்தான். பையன் விடியற்காலையில் அம்மாவுக்குப் பெட்டி தூக்கிக் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் போவான். போன வாரம் அப்படித் தூக்கும்போது ஐஸ் தண்ணீர் கிடந்த தரையில் வழுக்கி, வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் க்ளவுஸ் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது நாள் முழுக்க இடது கையில் போன். ஒரு வீடியோ முடிந்தால் இன்னொன்று, எதுவும் முழுசாகப் பார்ப்பதில்லை. கோபம் வேறு. சாப்பிடக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அவனைப் பார்த்தால் எனக்கு என் பன்னிரண்டு வயது ஞாபகம் வருகிறது. கல்மண்டபம் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது, தராசுக்குப் பின்னால் சணல் கட்டிய கட்டுக்குள் முத்து, லயன், ராணி காமிக்ஸ் என்று எல்லாம் கலந்து கிடக்கும், அட்டை இருந்தால் ஒரு விலை, அட்டை இல்லாவிட்டால் பாதி விலை. கதை முடிவுப் பக்கம் கிழிந்துபோன புத்தகங்கள்தான் எனக்கு அதிகம் கிடைத்தன, முடிவை நானே யோசித்துக்கொண்டு தூங்கிவிடுவேன். வேலைக்குப் போன பிறகு எல்லாம் நின்றுபோனது. அதனால் புதிதாக என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது.

மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஆங்கிலம் சுமார்தான், எழுத்துக் கூட்டிப் படிப்பான். என்னால் இப்போதைக்கு ஆயிரத்து ஐந்நூறு வரை செலவு செய்ய முடியும். அப்புறம், ஒரு ஆன்லைன் கடையில் ஜப்பான் காமிக்ஸ் செட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி ஏமாந்துவிட்டேன், திருட்டு அச்சு, பக்கத்தின் உள் ஓரத்தில் இருக்கும் வசனமெல்லாம் தையலுக்குள் போய்விட்டது, பையன் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிட்டான். ஆகவே எதை வாங்கினாலும் ஒழுங்கானதாக இருக்க வேண்டும்.

எதில் ஆரம்பிக்கலாம்?

பெரம்பூர் டெக்ஸ் ரசிகன்

தம்பி, அந்தத் தராசுக் கடை மாதிரி பெரம்பூரில் எனக்கும் ஒன்று இருந்தது, படித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் தமிழில் கொடுங்கள். கை வலி, கோபம், வெறுப்பு எல்லாம் ஒன்றாக இருக்கிற பையனிடம் ஆங்கிலத்தை நீட்டினால் அதுவும் ஒரு பாடப்புத்தகம் ஆகிவிடும். நம்முடைய சிவகாசி முத்து காமிக்ஸ் 1972ல் ஆரம்பித்தது, லயன் 1984ல் வந்தது, இன்றைக்கும் இரண்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கின்றன. பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது, உங்களை மாதிரி நின்றுபோனது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் இப்போது வருவது நாம் பார்த்த சாணித்தாள் இல்லை, பெரிய சைஸ், ஆர்ட் பேப்பர், முழு வண்ணம்.

உங்கள் பையனுக்கு லக்கி லூக். யோசிக்கவே வேண்டாம். மோரிஸ் என்ற பெல்ஜியக்காரர் 1946ல் உருவாக்கிய கௌபாய், தன் நிழலைவிட வேகமாகத் துப்பாக்கி எடுப்பவன், ஆனால் ஆளைக் கொல்ல மாட்டான், எதிராளி கையில் இருக்கும் துப்பாக்கியைத்தான் சுட்டுத் தள்ளுவான். டால்டன் சகோதரர்கள் நான்கு பேர் வருகிற கதையாகப் பார்த்து வாங்குங்கள். படிக்கட்டு மாதிரி உயர வரிசை, குள்ளமானவனுக்குத்தான் கோபம் அதிகம், நெட்டையனுக்கு எப்போதும் பசி, எந்த நேரத்தில் என்ன நடந்தாலும் சாப்பாடு எப்போது என்று கேட்பான். ஒரே புத்தகத்தில் ஒரு கதை முடிந்துவிடும், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். இன்னொன்று, ஆரம்ப காலத்தில் லூக் வாயில் சிகரெட் இருக்கும், 1983ல் அதை எடுத்துவிட்டு ஒரு புல் தண்டை வைத்துவிட்டார் மோரிஸ், அதற்காக உலக சுகாதார நிறுவனம் அவரைக் கௌரவித்தது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்பதால் சொல்கிறேன்.

அடுத்து, கேட்டால் சின்னப் பிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் மனதாரச் சொல்கிறேன், இரும்புக்கை மாயாவி கொடுத்துப் பாருங்கள். முத்துவின் முதல் இதழே அதுதான். பிரிட்டனில் 1962ல் வெளிவந்த கதை. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவனுக்கு இரும்பில் கை பொருத்துகிறார்கள், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் முழுக்க மறைந்துபோய் அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். வலது கையில் கெட்டியாக வெள்ளைக் கட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பையனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் யார்? எனக்குப் பத்து வயதில் முழங்கை உடைந்தபோது என் அண்ணன் கொண்டுவந்து போட்ட புத்தகம் அது. கட்டைப் பிரிக்கிற அன்றைக்கு அழுதேன்.

உங்களுக்கும் ஒன்று. புது வரிசையில் அண்டர்டேக்கர் என்று ஒரு தொடர் தமிழில் வந்திருக்கிறது, 2015ல் பிரெஞ்சில் தொடங்கியது. பிணம் புதைக்கும் தொழில் செய்யும் ஜோனஸ் க்ரோ, கூடவே ஒரு வல்லூறு. முதல் கதையில் ஒரு சுரங்க முதலாளி, செத்தாலும் தங்கத்தை யாருக்கும் விடக்கூடாது என்று விழுங்கிவிட்டுச் சாகிறான், அந்தப் பிணத்தைக் கொண்டுபோய் அடக்கம் செய்வதுதான் க்ரோவின் வேலை, ஊரே பின்னால் துரத்துகிறது. ரால்ஃப் மேயர் வரைந்த வானத்தையும் மண்ணையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பையன் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள், அது பெரியவர்களுக்கானது.

ஒரு எச்சரிக்கை, இவை குறைவான பிரதிகள்தான் அச்சாகின்றன. இருக்கும்போது வாங்கிவிட வேண்டும். சிவகாசிக்கு நேராகப் பணம் கட்டினால் வீட்டுக்கே வந்துவிடும், ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போனாலும் ஸ்டாலில் பார்க்கலாம்.

புளியந்தோப்பு லெஃப்ட் ஹூக்

காசிமேடு அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எனக்குக் கை பரபரவென்று ஆகிவிட்டது. பாக்ஸிங், மீன், விடியற்காலையில் அம்மாவுக்குப் பெட்டி தூக்கும் பையன். அண்ணா, இந்தக் கதை ஏற்கெனவே இருக்கிறது, ஜப்பானில் ஒருவர் 1989லிருந்து வாராவாரம் வரைந்துகொண்டிருக்கிறார், இன்னும் முடியவில்லை, நூற்று நாற்பது வால்யூம் தாண்டிவிட்டது.

ஹஜிமே நோ இப்போ. வரைபவர் ஜோஜி மொரிகாவா. தலைப்புக்கு ஜப்பானிய மொழியில் முதல் அடி என்று அர்த்தம். நம் மொழியில் பாருங்கள், எடுத்து வைக்கிற அடியும் அடிதான், வாங்குகிற அடியும் அடிதான், இந்தத் தொடருக்கு இதைவிட நல்ல பெயர் வேறு எந்த மொழியிலும் அமையாது.

கதாநாயகன் பெயரும் "இப்போ" என்பதுதான், பள்ளிக்கூடப் பையன். தூண்டில் போட வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் சின்னப் படகுத் தொழில் நடத்துகிறார் அவன் அம்மா. இவன் அதிகாலையில் படகில் உதவி செய்துவிட்டு அந்த வாசனையோடு பள்ளிக்குப் போகிறான், அதற்காகவே வகுப்பில் அடிக்கிறார்கள், அவனுக்குத் திருப்பி அடிக்கவும் தெரியாது. ஒரு நாள் அப்படி அடிபட்டுக் கிடக்கும்போது தகாமுரா என்ற பாக்ஸர் அந்த வழியாக ஓடிவருகிறான், காப்பாற்றி ஜிம்முக்குத் தூக்கிப்போகிறான். மண்மூட்டையைக் குத்தச் சொன்னால் அந்தப் பயந்த பையன் விட்ட குத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆடுகிற படகில் நின்று, கனத்த பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அவனுக்கு இடுப்பும் காலும் அப்படி உறுதியாகியிருக்கிறது, அவனுக்கே தெரியாது. எந்த வேலைக்காகக் கேலி செய்தார்களோ அந்த வேலைதான் அவனுடைய பலம். உங்கள் பையன் இந்தப் பக்கத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

இனி, இலை பிடிக்கிற ஒரு காட்சி. பாக்ஸராக வேண்டும் என்று இப்போ கெஞ்சும்போது தகாமுரா மரத்தில் ஒரு உதை விடுகிறான், இலை கொட்டுகிறது, காற்றில் சுழன்று வரும் இலைகளை ஜாப் (முன் கையால் சட்டென்று விடும் நேர்க்குத்து) போட்டுப் போட்டுப் பிடித்து, உள்ளங்கையைத் திறந்து காட்டுகிறான், பத்து இலை. ஒரு வாரத்தில் நீ இதைச் செய்தால் ஜிம்மில் சேர்த்துவிடுகிறேன் என்கிறான். இப்போ ராத்திரி பகலாக முயற்சி செய்கிறான். கையை வேகமாக விட்டால் அந்தக் காற்றிலேயே இலை விலகி ஓடிவிடும். குத்தை விடுவதைவிடத் திரும்ப இழுப்பதுதான் வேகமாக இருக்க வேண்டும் என்று மெதுவாகப் புரிகிறது அவனுக்கு. என் வாத்தியார் நான்கு வருடமாக எனக்குக் கத்திக் கத்திச் சொன்னதை மொரிகாவா சில பக்கப் படத்தில் சொல்லிவிட்டார். ஜாப் என்பது வழக்கமாக இடது கை வேலை அண்ணா, பையனுக்கு இடது கை நன்றாகத்தானே இருக்கிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறைத்தால் தப்பு. இப்போவின் அப்பா கடலில் இறந்துபோனவர். ஆரம்பத்திலேயே வரும். உங்கள் மச்சான் லாஞ்சில் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் நீங்கள் படித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கொடுங்கள்.

தமிழில் இல்லை. ஆங்கிலத்திலும் அச்சுப் புத்தகமாகத் தேடி அலைய வேண்டாம், 2023 ஜூலையிலிருந்து டிஜிட்டலாக விற்கிறார்கள், டேப்லெட்டிலோ கம்ப்யூட்டரிலோ படிக்கலாம். வசனம் குறைவு, சண்டை வந்துவிட்டால் பல பக்கம் பேச்சே கிடையாது, ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் ஓடிவிடும்.

பெரம்பூர் டெக்ஸ் ரசிகன்

லெஃப்ட் ஹூக் தம்பி, கதை பிரமாதம், நானே படிக்கப் போகிறேன். ஆனால் பையனைத் திரையிலிருந்து பிரிக்கத்தானே மாமா கேட்கிறார்? திரும்பவும் திரையிலேயே கொடுத்தால் எப்படி? நடுவில் ஒரு மெசேஜ் வந்தால் போச்சு. காகிதம் என்றால் கையில் கனம் தெரியும், எத்தனை பக்கம் மிச்சம் என்று விரலுக்குத் தெரியும்.

புளியந்தோப்பு லெஃப்ட் ஹூக்

சரிதான் அண்ணே, நானும் காகிதம்தான் விரும்புவேன். ஆனால் அந்தப் பையனுக்குச் சரியான கதை திரையில்தான் இருக்கிறது என்றால் என்ன செய்ய? அவன் போனில் கொடுக்க வேண்டாம். மாமாவின் லேப்டாப்பில், நெட்டை அணைத்துவிட்டு, ஒரு நேரம் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் படிக்கட்டும்.

தேரடி டீச்சர்

திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வகுப்பு நூலகம் பார்த்துக்கொள்கிறேன், ஆறிலிருந்து ஒன்பது வரை. பத்து வருடம் பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள், எதை மூன்றாம் நாளே திருப்பி வைக்கிறார்கள் என்று பார்த்ததில் சொல்கிறேன் தம்பி.

உங்கள் பையன் அந்தத் திருட்டு அச்சுப் புத்தகத்தை வைத்துவிட்டதற்கு அச்சு மட்டும் காரணமாக இருக்காது. ஜப்பான் காமிக்ஸ் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், நம் கணக்குப்படி கடைசிப் பக்கம்தான் அதற்கு முதல் பக்கம், கட்டங்களும் வலது மேல் மூலையிலிருந்து ஆரம்பிக்கும். இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் கையில் கொடுத்தால், பதிலுக்குப் பிறகு கேள்வி வரும், பிள்ளைகள் தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மூடிவிடுவார்கள். நான் முதல் பத்துப் பக்கம் வரை பென்சிலால் கட்டத்துக்கு எண் போட்டுக் கொடுப்பேன். பதினோராம் பக்கத்தில் எண் தேவைப்படாது.

இன்னொரு தடை, ஆங்கில காமிக்ஸில் வசனம் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் சின்ன எழுத்துச் சொற்களை உருவமாகத்தான் பழகியிருக்கிறார்கள், தெரிந்த சொல்லே பெரிய எழுத்தில் வரும்போது தடுமாறுவார்கள். முதல் தடவை வசனத்தைத் தொடவே வேண்டாம், படத்தை மட்டும் பார்த்து என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை வசனத்தோடு. பாதிக்கு மேல் சரியாகவே ஊகித்திருப்பான், அந்தச் சந்தோஷத்திலேயே மீதியைப் படித்துவிடுவான்.

தொடர் என்று கேட்டால், ஸ்பை எக்ஸ் ஃபேமிலி என் வகுப்பில் உட்காரவே இல்லை, கைமாறிக்கொண்டே இருக்கிறது. தட்சுயா எண்டோ 2019ல் தொடங்கியது. வேலைக்காக ஒரு குடும்பம் தேவைப்படுகிற உளவாளி, ரகசியமாகக் கொலைத்தொழில் செய்யும் மனைவி, மற்றவர் மனதில் நினைப்பது கேட்கிற சின்னப் பெண். ஒருவர் ரகசியம் ஒருவருக்குத் தெரியாது, அந்தக் குழந்தைக்கு மட்டும் எல்லாம் தெரியும், அதற்கு அதைச் சரியாகப் புரிந்துகொள்கிற வயதில்லை. வீட்டில் அம்மாவும் படிக்கலாம். மங்கா ப்ளஸ் என்று பதிப்பகத்தாரே நடத்துகிற ஆப் இருக்கிறது, அதில் முதல் மூன்று அத்தியாயம் இலவசம், பார்த்துவிட்டுப் பிடித்தால் புத்தகம் வாங்கலாம். அதனால் திருட்டு அச்சுப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை.

தொடர் இல்லை, ஒற்றைப் புத்தகம்தான், ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பீமாயணம் தமிழில் கிடைக்கிறது. அம்பேத்கர் வாழ்க்கையில் தண்ணீருக்கும் தங்குமிடத்துக்கும் அவர் பட்ட அவமானங்கள். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்தது. கட்டமே போடவில்லை அவர்கள், மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று. பேச்சுக் குமிழியைப் பாருங்கள், அன்பான சொல் என்றால் குமிழி பறவை மாதிரி இருக்கும், விஷமான சொல் என்றால் குமிழியின் நுனியில் தேள் கொடுக்கு. என் வகுப்பில் ஒரு பெண் இதைத் தானாகக் கண்டுபிடித்துவிட்டு, வீட்டில் யார் யார் தேள் குமிழியில் பேசுகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

வியாசர்பாடி கோல்கீப்பர்

ஒரே ஒரு பெயர் சொல்லிவிட்டுப் போகிறேன். ஸ்லாம் டங்க். டக்கெஹிக்கோ இனோயுவே, 1990லிருந்து 1996 வரை, முப்பத்தொரு வால்யூமில் முடிந்துவிட்டது, ஆங்கிலத்தில் நல்ல அச்சில் வந்திருக்கிறது. கூடைப்பந்துதான், ஆனால் ஃபுட்பால் ஆடுகிற எங்கள் பையன்கள் எல்லோரும் படித்தோம். சகுராகி என்ற முரடன் ஒரு பெண்ணுக்காக டீமில் சேர்ந்து, கடைசியில் அந்த ஆட்டத்துக்காகவே உயிரை விடுகிறவன் ஆகிறான். முக்கியமான போட்டிக்கு முன்னால் மற்றவர்கள் எல்லாம் வெளியூர் கேம்ப் போய்விட, இவன் மட்டும் இருபதாயிரம் ஷாட் போட்டுப் பழகுவான். அந்தக் கடைசி மேட்ச்சின் முடிவில் சத்தமே கிடையாது, வசனமில்லாமல் பக்கம் பக்கமாகப் போகும், படிக்கிற நாம்தான் மூச்சு விடுவோம். நான் முழங்கால் அடிபட்டு ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தபோது அதைத்தான் படித்தேன். ஆட முடியாத நேரத்தில் ஆட்டத்தைப் பற்றிப் படிப்பது வலிக்கும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அதுதான் டீமோடு இருப்பது மாதிரி இருந்தது.

காசிமேடு மாமா

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பூர் அண்ணன் சொன்னபடி சிவகாசிக்குப் பணம் கட்டி லக்கி லூக் இரண்டும் மாயாவி ஒன்றும் வரவழைத்தேன். கூரியர் வந்த அன்று கண்டுகொள்ளவில்லை. ராத்திரி கரண்ட் போனது, எங்கள் பக்கம் சும்மாவே போகும், போனிலும் சார்ஜ் இல்லை. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். பசி பசி என்று அலைகிற அந்த நெட்டை டால்டனைப் பார்த்துச் சிரித்தான், பத்து நாளில் முதல் சிரிப்பு, அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மறுநாள் மாயாவி. அடுத்த நாள் காலையில் பார்த்தால் மாவுக்கட்டு முழுக்கக் கறுப்பு மார்க்கரில் ஆணி, மூட்டு, இரும்புத் தகடு எல்லாம் வரைந்து வைத்திருக்கிறான், இடது கையால் வரைந்தது, கோணல்மாணல்தான், ஆனால் பார்த்ததும் இரும்புக்கை என்று தெரிகிறது. அண்ணே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஹஜிமே நோ இப்போ முதல் வால்யூம் வாங்கி முதலில் நான் படித்தேன். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து முடித்தேன், புத்தகத்துக்காக நான் அப்படி விழித்து இருபது வருடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் நெட்டை அணைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். டீச்சர் சொன்ன மாதிரி முதல் தடவை படம் மட்டும், அவன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பெட்டி தூக்குகிற இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டான். திரும்ப ஒரு பக்கம் பின்னால் போய்ப் பார்த்தான். "மாமா, இவனும் எங்கள மாதிரி" என்றான், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவைப் பற்றித் தெரிய வருகிற இடத்தில் நான் கொஞ்சம் பயந்துகொண்டுதான் இருந்தேன். வசனத்தை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு எழுந்து வாசலில் போய் நின்றான். நான் கூப்பிடவில்லை. திரும்பி வந்து, அப்பா லாஞ்சு என்றைக்குக் கரைக்கு வரும் என்று கேட்டான், வியாழக்கிழமை என்றேன், சரி என்று அடுத்த பக்கத்தைத் தள்ளினான். வியாழக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு அவனாக எழுந்து துறைமுகத்துக்குப் போயிருக்கிறான், மச்சான் இறங்கும்போது படிக்கட்டில் நிற்கிறான். என்னடா இந்த நேரத்தில் என்று கேட்டதற்குப் பதில் இல்லையாம், அப்பாவின் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறான்.

இப்போது எங்கள் தெருமுனைப் பூவரச மரத்தடியில்தான் இருக்கிறான். சின்னப் பையன் ஒருவன் கிளையை உலுக்க, இவன் இடது கையால் இலை பிடிக்கிறான். கட்டுப் போட்ட டாக்டரிடம் கேட்டேன், வலது கையை ஆட்டாமல், ஓடாமல், நின்ற இடத்தில் செய்தால் பரவாயில்லை என்றார். பூவரச இலை கொஞ்சம் கனம், நேராக விழுந்துவிடுகிறது, வேப்பிலையோ ரொம்பச் சின்னது. நேற்று வரை மூன்று இலை.

இரண்டாவது வால்யூமும் மூன்றாவதும் வாங்கிவிட்டேன். கோல்கீப்பர் தம்பி, ஸ்லாம் டங்க் முதல் வால்யூம் ஐந்நூறுக்குள் எங்கே நல்ல பிரதியாகக் கிடைக்கும், வண்ணாரப்பேட்டை, பாரிஸ் பக்கம் ஏதாவது கடை தெரிந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் புரட்டிப் பார்த்து வாங்க ஆசை.

புளியந்தோப்பு லெஃப்ட் ஹூக்

அண்ணா, பூவரசு வேண்டாம். எங்கள் வாத்தியார் புங்க மர இலையில்தான் பழக்கினார், அளவும் சரியாக இருக்கும், காற்றில் சுற்றிச் சுற்றித்தான் இறங்கும். மார்ச் வாக்கில் பழுப்பு உதிரும்போது நிறையக் கிடைக்கும். கட்டுப் பிரித்ததும் பையனை ஒரு நாள் புளியந்தோப்புக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் ஜிம் வாசலில் இரண்டு மரம் நிற்கிறது.